தாரை தப்பட்டையும் டாக்ட் டைமும்: வடக்குப்பட்டு வட்டாரத்துப் பள்ளிப் பேண்டு குறித்து ஓர் ஆய்வு

ஒரகடம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் அறிவிப்புப் பலகையில் ஓர் ஆகஸ்ட் மாதம் இப்படி எழுதியிருந்தது: “15ஆம் தேதி காலை பேண்ட் இல்லாமல் யாரும் வரக் கூடாது.” எழுதியவர் பி.டி. சார். அவர் மனத்தில் இருந்தது வாத்தியம். வீட்டுக்கு எடுத்துப்போன டிரம்மையும் பியூகிளையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. எட்டாம் வகுப்பு புரிந்துகொண்டதோ முழுக்கால்சட்டை. அரை டிரவுசர் தவிர வேறெதுவும் அறியாத அந்த வகுப்பு, அண்ணன், சித்தப்பா, ஒரு பையன் விஷயத்தில் தாத்தா ஆகியோரின் பேண்ட்டுகளை அரைஞாண் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு வந்து நின்றது. பேண்டு கோஷ்டியிலேயே நாலு பேர் கஞ்சி போட்ட வெள்ளைப் பேண்ட்டில் வந்தார்கள், வாத்தியம் இல்லாமல்.

இசைக்குழுவுக்கும் கால்சட்டைக்கும் தமிழ் ஒரே எழுத்துக்கூட்டலை ஒதுக்கியிருப்பதன் சமூக விளைவுகள் பெரியவை. இந்த ஆய்வு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

ஆய்வுக்களம் வடக்குப்பட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்தை ஒட்டிய சிற்றூர். சுற்றிலும் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று சக்கரம் சம்பந்தப்பட்ட எல்லாம் செய்கிற ஆலைகள். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே குழி வெட்டியபோது, முக்கால் மீட்டர் ஆழத்தை ஒட்டியே இடைக்கற்காலக் கருவிகள் தலைகாட்டின. அதற்கு மேலே பிற்காலத்துப் பானை ஓடுகளும் மணிகளும். இந்த வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் யாராவது ஒருவர் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது இதனால் நிறுவப்படுகிறது.

கிழக்கே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல் கருவிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்தது. அது கிடைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: ராணுவத்தின் பரேடு மைதானத்தில் சரளைக்கல்லுக்காக வெட்டிய குழி. டிரம்மும் பியூகிளும் ஒலித்த இடத்திலேயே, காலடியில், பழைய கற்காலம் படுத்திருந்திருக்கிறது. அந்தக் கல்லை ஃபூட் கைக்கோடரி என்றார். அது பேண்டு மேஜர் வீசும் தடியின் முன்னோடியாகவும் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் துணிபு. இதற்கு ஆதாரம் இல்லை.

ஆய்வாளரைப் பற்றி ஒரு வரி. இவர் முன்னாள் பியூகிள் வாசிப்பாளர். ஆறே வாரத்தில் இவருடைய உதடு எதற்கும் லாயக்கில்லை என்று கண்டறியப்பட்டு, சிம்பலுக்கு மாற்றப்பட்டார். சிம்பலைப் பள்ளியில் யாரும் சிம்பல் என்று சொல்வதில்லை, ஜால்ரா என்றே சொல்வார்கள். “நீ எந்த வாத்தியம்?” என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் “ஜால்ரா” என்று பதில் சொல்லி, அடுத்து வரும் சிரிப்புக்காகக் காத்து நின்றதில்தான் இவருக்குச் சமூக ஆய்வில் நாட்டம் ஏற்பட்டது.

தொல்லியல் துறை நிலத்தைத் தோண்டியது. இவர் ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமைத் தோண்டினார். மேலடுக்கில் காற்றிறங்கிய வாலிபால்கள், ஸ்ட்ரைக்கர் தொலைந்த கேரம் போர்டு, கடந்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குக் கட்டிய அட்டைகள். அதற்குக் கீழே இரண்டு சைடு டிரம். ஒன்றின் மேல்முகம் கிழிந்திருந்ததால் அது டஸ்டர் போடும் கூடையாகப் பதவி மாறியிருந்தது. மூன்றாம் அடுக்கில் பேஸ் டிரம். அதன் மேல் வட்டமாக எழுதியிருந்த பெயரில் ‘பள்ளி’ மட்டும் மிஞ்சியிருந்தது, உள்ளே பல்லி இருந்தது. அடித்தளத்தில் ஒரு பியூகிள், வாய் வைத்து ஊதும் குமிழ் இல்லாமல். குமிழைத் தேடிய பயணம் வேதியியல் ஆய்வகத்தில் முடிந்தது. பாட்டிலில் பினாயில் ஊற்ற அதைவிடப் பொருத்தமான புனல் கிடைக்கவில்லை என்று ஆய்வக உதவியாளர் விளக்கம் அளித்தார்.

இனி பெயர் ஆராய்ச்சி. மேலைநாட்டில் ‘டிரம் அண்ட் பியூகிள் கோர்’ என்று ஒரு வகைக் குழு உண்டு. தோற்கருவியும் ஊதுகொம்பும் மட்டும். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன் எதற்கும் இடமில்லை. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஆய்வாளர் மூன்று நாள் யோசித்து, ‘முரசு-எக்காளப் படையணி’ வரை போனார். நாலாம் நாள் வீட்டு வாசலில் திருவிழா ஊர்வலம் ஒன்று போனபோது, அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: “என்னடா, தாரை தப்பட்டையெல்லாம் தடபுடலா இருக்கு?” தாரை என்பது நீண்ட ஊதுகுழல். தப்பட்டை என்பது தோற்கருவி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் தமிழில் ஏற்கெனவே சமையலறை வரை புழங்குகிறது. மூன்று நாள் உழைப்பு இப்படியாக வீணானது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பியூகிள் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இளங்காளையைக் குறித்த சொல். முதலில் அது மாடு, பிறகு மாட்டின் கொம்பு, பிறகு அந்தக் கொம்பில் ஊதும் கருவி, கடைசியில் பித்தளை. தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. கொம்பு என்றால் மாட்டின் தலையில் இருப்பதும் அதுதான், கோயில் வாசலில் ஊதுவதும் அதுதான். தமிழ் ஒருபடி மேலே போய், அகங்காரம் பிடித்தவனிடம் “உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று கேட்கவும் கற்றுக்கொண்டது. பேண்டில் பியூகிளுக்குத் தேர்வான பையன்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

பியூகிளில் விரலுக்கு வேலை கிடையாது. துளை இல்லை, கட்டை இல்லை, வால்வு இல்லை. பி பிளாட் பியூகிள் என்பது சுமார் 1.4 மீட்டர் நீளக் குழாயைச் சுருட்டி வைத்த ஒன்று. உதட்டை இறுக்கினால் மேல் சுரம், தளர்த்தினால் கீழ்ச் சுரம். அதுவும் நினைத்த சுரமெல்லாம் வராது. குழாயின் இயற்கை அனுமதிப்பது மட்டும் வரும்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. ஆக மொத்தம் ஐந்து படி. கீழ் ஸ்தாயியில் காந்தாரம்கூட இல்லை. ரி, ம, த, நி நான்கும் பியூகிளைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. ஐந்து சுரமுள்ள ராகத்துக்குக் கர்நாடக இசையில் ஔடவம் என்று பெயர் உண்டு. மூன்றே சுரத்தில் வாழ்க்கை நடத்தும் இந்த ராகத்துக்கு ‘பரேடாபரணம்’ என்ற பெயரை ஆய்வாளர் பரிந்துரைக்கிறார்.

மூன்று சுரம் போதும் என்று வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்கு இசையே தேவைப்படவில்லை. வெடிச் சத்தத்துக்கு நடுவே மனிதக் குரல் எட்டாது. எழு, சாப்பிடு, முன்னேறு, பின்வாங்கு, விளக்கை அணை, தூங்கு என்று ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சொல்ல ஒரு குழாய் வேண்டும், அவர்கள் காலை ஒன்றாக வைக்க ஒரு தோல் வேண்டும். டிரம்மும் பியூகிளும் வாத்தியம் என்பதைவிட அலுவலகச் சுற்றறிக்கை என்பதே சரி. இவற்றின் வரலாற்றில் நேர்ந்த விபத்துகள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான் என்பது இவ்வாய்வின் கருதுகோள்: உத்தரவாகப் பிறந்த ஒன்றை மக்கள் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களில் தலையாயவர் முத்துசுவாமி தீட்சிதர். அவருடைய குடும்பத்துக்கு ஆதரவளித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார், கிழக்கிந்திய கம்பெனியின் துபாஷி. முதலியார் குடும்பத்தார் தீட்சிதர் குடும்பத்தைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரப் பேண்டைக் கேட்கவைத்தார்கள் என்று தீட்சிதர் வரலாறு சொல்கிறது. சிப்பாய்களை நடக்கவைக்க வாசித்த அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்து, தெய்வங்களை உட்காரவைத்தார். நொட்டுஸ்வரம் என்று பெயர் பெற்ற அவை சுமார் நாற்பது, சங்கராபரணத்தில் அமைந்தவை. ‘சந்ததம் பாஹி மாம்’ என்பதைக் கேட்டால், இங்கிலாந்து மன்னரைக் கடவுள் காக்க வேண்டும் என்ற அவர்களுடைய கீதத்தின் மெட்டு அப்படியே வரும். மன்னரைக் காக்கும் பொறுப்பை இறக்கிவிட்டு, பாடுகிறவரைக் காக்கும்படி தேவியிடம் விண்ணப்பமாக அது மாறியிருக்கிறது. கமகம் இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும் அந்தச் சுரங்களுக்குள் இன்றும் யாரோ கால் மாற்றி வைத்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு நடை இருக்கிறது. குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற வீடுகளில் அவை முதலில் வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) அரண்மனைக்கென்றே மேலைநாட்டுப் பேண்டு ஒன்று வைத்திருந்தார். படை போய்விட்ட அரசருக்குப் பேண்டு எஞ்சியிருந்தது என்று இதைச் சுருக்கலாம்.

அடுத்து வந்தவர்கள் கல்யாணப் பேண்டு செட்டுக்காரர்கள். டிரம்பெட், கிளாரினெட், சாக்சபோன், டிரம் என்று சிவப்புக் கோட்டில் தங்க ஜரிகையோடு மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடந்தவர்கள். இவர்கள் கையில் பித்தளை முழுக்கச் சினிமாவுக்கு மாறியது. காலையில் முகூர்த்தம், மாலையில் சாவு ஊர்வலம், இரண்டுக்கும் அதே கோட்டு. பாட்டுப் பட்டியல் மட்டும் மாறும். சில நாளில் அதுவும் மாறாது. இவர்கள் ஊதிய பித்தளையில் பெரும் பங்கு உத்தரப்பிரதேசத்து மீரட்டிலிருந்து வருவது. அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியில் தெருத்தெருவாகப் பேண்டு வாத்தியம் செய்கிறார்கள். 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அவற்றில் பழையது. ஸ்டோர் ரூமில் தோண்டி எடுத்த பியூகிளும் அந்த வழியில் வந்ததாகவே தெரிகிறது. கழுத்துப் பக்கம் பதித்திருந்த எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

புளி. இங்கே ஆய்வு கொஞ்சம் நின்றாக வேண்டும்.

பித்தளையின் மேல் படியும் கறையைப் புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கரைக்கிறது. குத்துவிளக்குத் தேய்த்த எந்த வீட்டுக்கும் இது தெரியும். எனவே ஆகஸ்ட் 14ஆம் தேதி மாலை பேண்டு கோஷ்டி பைப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் கொண்டுவந்த புளி உருண்டையால் பியூகிளைத் தேய்க்கும். டின்னில் வரும் பாலிஷ் பள்ளியின் வரவு செலவுக் கணக்குக்குள் வராது. சிம்பலையும் அதே புளியால் தேய்ப்பார்கள். சுண்ணாம்பு சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்து கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடிப்பதும் அதே பைப்படியில்தான். இரண்டு கிண்ணங்களும் ஒருமுறை இடம் மாறின. மறுநாள் அணிவகுப்பில் ஒரு ஜோடி ஷூ மட்டும் குழம்பு நிறத்தில் நடந்தது.

அந்தப் புளியில் தேய்த்தது போக ஒரு பங்கு எப்போதும் மிஞ்சும். அது ஜால்ராக்காரர்களின் சட்டைப் பைக்குள் போகும். மறுநாள் காலை எட்டரை மணிக்கு, பியூகிள் வரிசைக்கு நேர் எதிரே நின்று, பி.டி. சார் திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து, அதை எடுத்து நாக்கில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, “ஸ்ஸ்...” என்று உறிஞ்ச வேண்டும். கிராமங்களில் நாதஸ்வர வித்வானுக்கு எதிரே வாண்டுப் பயல்கள் செய்த அதே வேலை. இதன் உடலியல் எளிது. புளிப்பைப் பார்த்ததுமே பார்க்கிறவன் வாயில் எச்சில் ஊறும், உதடு குழையும். பியூகிள் வாழ்வதே இறுகிய உதட்டின் அதிர்வில். குழைந்த உதட்டிலிருந்து பஞ்சமம் வர வேண்டிய இடத்தில் எருமைக் கன்று கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம் வரும். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. லத்தீன் வேர்ச்சொல்லின்படி கருவி தன் பூர்வீகத்துக்குத் திரும்புகிறது. ஒரே பொருள் கருவியைத் துலக்கி, வாசிப்பவனைக் கெடுக்கும் இத்தகைய நிகழ்வு இசை வரலாற்றில் வேறெங்கும் இருப்பதாக ஆய்வாளருக்குத் தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் அன்று எவ்வளவு புளி இருந்தது என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கொடியேற்றம் தனி அத்தியாயம் கேட்கிறது. ஏற்பாடு இதுதான்: சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுப்பார், முடிச்சு அவிழும், பூ கொட்டும், கொடி விரியும். கயிற்றில் கை வைத்த நொடியில் ஜெனரல் சல்யூட் தொடங்கி, கொடி விரிந்ததும் நிறுத்த வேண்டும். முடிச்சுப் போடுவதும் பி.டி. சார்தான். அது ஒரு கலை. இறுக்கமாக இருந்தால் அவிழாது, தளர்ந்தால் விருந்தினர் வருவதற்கு முன்பே காக்காய் உட்கார்ந்து அவிழ்த்துவிடும். அந்த வருஷம் இறுக்கம். விருந்தினர் இழுத்தார், அவிழவில்லை. பலமாக இழுத்தார். கம்பம் ஆடியது, கொடி ஆடவில்லை. “ஊதிக்கிட்டே இருடா” என்று பின்னாலிருந்து உத்தரவு. முதன்மை பியூகிள்காரன் பத்தாம் வகுப்பு மாணவன். ச, ப, ச என்று ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கன்னம் உப்பி, காது சிவந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பெற்றோர் பகுதியில் அதைத் தேசபக்தி என்று எடுத்துக்கொண்டு ஒருவர் கைதட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்பத்தில் பாதிவரை ஏறி முடிச்சைத் தட்டிவிட்டபோது, பூ முழுக்க அவன் தலையில் கொட்டியது. பியூகிள்காரன் வாத்தியத்தை இறக்கினான். உதட்டில் குமிழின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது, சாயங்காலம் வரை போகவில்லை. இவனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்.சி.சி. உள்ள பள்ளிகளில் இந்தக் குழப்பங்களுக்கு மேல் இந்தியும் உண்டு. நிமிர்ந்து நிற்கச் சொல்லும் கட்டளை ‘சாவ்தான்’. வெயிலில் ஒரு மணி நேரமாக நிற்கும் தமிழ்ப் பையன் காதில் இது எப்படி விழும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஓரெழுத்துதான் வித்தியாசம், அந்த எழுத்தும் பதினோரு மணி வெயிலில் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

இப்போது இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. அணிவகுப்பில் கடைசி வகுப்பு எப்போதும் கால் மாற்றித்தான் நடக்கும். முன்னால் இடது கால் விழும்போது பின்னால் வலது கால் விழும். இதற்காக எத்தனையோ தலைமுறைக் கடைசி வரிசைகள் மைதானத்தைச் சுற்றி ஓடவிடப்பட்டிருக்கின்றன, முட்டி போட வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. வேக நடையின் அளவு நிமிடத்துக்கு 120 அடி. அதாவது ஓர் அடிக்கு அரை நொடி. முப்பது டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். பேண்டு ஊர்வலத்தின் தலையில் நிற்கிறது. அதிலிருந்து 35 மீட்டர் பின்னால் நடப்பவனுக்கு டிரம் சத்தம் பத்தில் ஒரு நொடி தாமதம். 87 மீட்டரில் தாமதம் கால் நொடி, அதாவது முன்னால் கால் தரையில் இருக்கும்போது இவன் கால் அந்தரத்தில். 175 மீட்டர் தள்ளி ஊர்வலத்தின் வாலில் நடப்பவனுக்குத் தாமதம் சரியாக அரை நொடி. டிரம்மை எவ்வளவு கவனமாகக் கேட்கிறானோ அவ்வளவு துல்லியமாக அவன் கால் மாறும். சரியாக நடந்தவன் டிரம்மைக் கேட்காதவன்.

பேண்டை ஊர்வலத்தின் நடுவில் வைத்தால் தாமதம் பாதியாகி, பிழை இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும். இந்த யோசனையைப் பள்ளி ஒன்று ஒருமுறை ஏற்றது. அப்போது முன்வரிசையும் தவறாக நடந்தது. யோசனை கைவிடப்பட்டது.

இதே சிக்கல் அமெரிக்கர்களுக்கும் உண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஊர் ஊராக அமைத்த டிரம்-பியூகிள் குழுக்கள் அங்கே வளர்ந்து, 1972 முதல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் கீழ் வருடந்தோறும் போட்டி போடுகின்றன. போட்டி நடக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் 91 மீட்டர் நீளம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கால் நொடித் தாமதம். அவர்கள் கண்ட தீர்வு, முன்னால் நிற்பவர் பின்னாலிருந்து வரும் டிரம்மைக் கேட்டு வாசிப்பது. முன்வரிசை பின்வரிசைக்குக் கட்டுப்படும் இந்த முறையைத் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் பரிந்துரைக்க ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் பியூகிளும் சும்மா இருக்கவில்லை. வால்வே இல்லாமல் தொடங்கி, ஒன்று சேர்த்து, இரண்டாக்கி, 1990இல் மூன்றாவதுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வால்வுக்கும் சண்டை. ஒவ்வொரு முறையும் பாட்டுக் கட்சிக்கே வெற்றி. அவர்கள் ராணுவத்தில் 1862இல் ஜெனரல் பட்டர்ஃபீல்டு அமைத்த ‘டாப்ஸ்’ என்ற பியூகிள் அழைப்பு 24 சுரம்தான், பொருள் ‘விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு’. அதை இன்று சவ அடக்கத்தில் ஊதுகிறார்கள், கேட்பவர்கள் அழுகிறார்கள். சுற்றறிக்கையைப் படித்து அழுத முதல் சமூகம் என்ற பெருமை அவர்களுக்கே.

அழாமல் ஆடியவர்கள் யாழ்ப்பாணத்தார். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட்டில், டிரம்மும் டிரம்பெட்டும் பார்வையாளர் பக்கம் சேர்ந்துவிட்டன. அங்கே பேண்டுக்கு ஒரே கடமை, விக்கெட் விழுந்தால் ஆடவைப்பது. கால் மாறியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தோலைப் பற்றிச் சுருக்கமாக. பறையை வைக்கோல் நெருப்பில் காய்ச்சித் தோலை விறைக்கவைப்பார்கள். பள்ளி சைடு டிரம்மின் முகம் பிளாஸ்டிக். அமெரிக்காவில் 1950களில் கன்றுத்தோலை விரட்டிவிட்டு வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்பதே அதன் பெருமை. இதை அறியாத ஒருவன், தப்பாட்டம் பார்த்த அனுபவத்தில், விழா அன்று காலை டிரம்மைக் காகித நெருப்பில் காட்டினான். உருகிய முகத்தோடு அது அணிவகுத்தது. ஒலி வராத அந்த டிரம்மை அவன் முக்கால் மணி நேரம் குச்சி படாமல் வாசித்ததை யாருமே கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் பேண்டு இசை பற்றி ஆய்வாளர் திரட்டியதிலேயே கனமான சான்று.

பேண்டு மேஜரின் தடி ஷாமியானாவைக் கிழித்துக்கொண்டு போன நிகழ்வுகள் மூன்று. விவரம் வேண்டாம், மூன்றும் ஒரே மாதிரி.

மீதமிருப்பது ஆலைகள். ஒரகடத்துக் கார் ஆலைகளில் எந்த லைன் ஆபரேட்டரைக் கேட்டாலும் ‘டாக்ட் டைம்’ என்பார். ஒரு வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்கும் நேரம். அதற்குள் உங்கள் வேலை முடிய வேண்டும், முடிந்ததும் அடுத்த வண்டி வந்து நிற்கும். டாக்ட் என்பது ஜெர்மன் சொல். பொருள் தாளம். இசை நடத்துனர் கையில் பிடிக்கும் குச்சிக்கு அங்கே டாக்ட்-குச்சி என்றே பெயர். இசைக்காரர்களிடமிருந்து 1930களில் ஜெர்மன் விமான ஆலைகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன, பிறகு அது ஜப்பான் வழியாக உலகம் சுற்றி, நட்டு போல்ட்டோடு ஒரகடத்தில் இறங்கியது. தீட்சிதர் உத்தரவை வாங்கிப் பாட்டாக்கினார். ஆலை பாட்டின் சொல்லை வாங்கி உத்தரவாக்கிக்கொண்டது. முதலியாரின் மணலியும் இப்போது ஆலைப்பகுதிதான் என்பதால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது.

அதோடு ஜப்பானிலிருந்து இன்னொன்றும் வந்தது. லைனில் ஏதாவது தவறு என்றால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். பலகையில் ஸ்டேஷன் எண் எரியும், கூடவே ஒரு மின்னணு மெட்டு ஒலிக்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் அன்டோன், காகித விளக்கு என்று பொருள். நம்மவர்கள் வாயில் அது ‘ஆண்டான்’ ஆகிவிட்டது. ‘ஆண்டான் கயிறு’ என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. அடிமையைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை.

கொடியேற்றத்தில் மூன்று சுற்று ஊதிய அந்தப் பையன் இப்போது இந்த வட்டார ஆலை ஒன்றில் கதவு பொருத்தும் வரிசையில் வேலை செய்கிறார். ஆய்வாளர் அவரை ‘பி’ ஷிப்ட் முடிந்து வரும்போது டீக்கடையில் சந்தித்தார். பியூகிள் பற்றிக் கேட்டதும் முதலில் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போது ஊதுவதில்லை, வாத்தியமும் இல்லை, வாயில் ஒரு பல்லைக் காணோம். ஆனால் போன மாதம் பக்கத்து ஸ்டேஷன்காரர் கயிற்றை இழுத்தார் என்றார். கதவின் கீல் ஒன்று சரியாக உட்காரவில்லை. மெட்டு ஒலிக்கத் தொடங்கியது. ச, ப, ச, அதே மூன்றும்தான், ஸ்பீக்கர் வழியாக. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், கீல் அசையவில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டார், மெட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது.

“உனக்கென்னண்ணே ஆச்சு, மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு?” என்று எதிரே நின்ற பயிற்சிப் பையன் கேட்டபோதுதான் தெரிந்ததாம், தான் கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.